விமானச் சரக்குக்கு எடை குறைந்த, உறுதியான கண்டெய்னர் செய்ய கார்பன் ஃபைபர் சரியா?

கடைசி வருட புராஜெக்டுக்கு கார்பன் ஃபைபரில் எல்.டி.3 கண்டெய்னர் வடிவமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் நான் உங்கள் கைடாக இருந்தால் கார்பன் பேச்சைக் கடைசியில்தான் எடுக்க விடுவேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் அலுமினிய ஃபேப்ரிகேஷன் செய்கிறேன், அதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன்.

முதலில் எடை. எல்.டி.3 என்பது பெரிய பயணிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போகிற, ஒரு பக்கக் கீழ்மூலை சரிவாக வெட்டிய பெட்டி. அடித்தளம் 1534-க்கு 1562 மி.மீ., சரக்கோடு சேர்த்து 1588 கிலோவைத் தாண்டக் கூடாது. அலுமினியத்தில் செய்தால் வெறும் பெட்டியே 80 கிலோ அளவில் இருக்கும், காம்போசிட் பலகையில், அதாவது இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த பலகையில், 60 கிலோவுக்குக் கொண்டு வரலாம். 777-300இஆர் விமானத்தில் 44 பெட்டி வரை போகும் என்பதால் பெட்டிக்கு 20 கிலோ குறைந்தால் மொத்தம் 880 கிலோ. கூடுதல் எடையைத் தூக்கிப் போக மணிக்கு அந்த எடையில் தோராயமாக 3 சதவீதம் எரிபொருள் செலவாகும் என்று வைத்தால், பத்து மணி நேரப் பயணத்துக்கு 260 கிலோ மிச்சம். ஏர்லைன்காரர்கள் இதன் பின்னால் ஓடுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சரக்கு அனுப்புகிறவன் கணக்கு வேறு. ஆம்பூர், வாணியம்பாடி ஷூவெல்லாம் சாதாரணமாகக் கப்பலில்தான் போகும், டெலிவரி தேதி கழுத்தைப் பிடிக்கும்போதுதான் விமானம். அங்கே 6000 கன செ.மீ. ஒரு கிலோ என்று கட்டணம் போடுவார்கள். 60-க்கு 40-க்கு 40 கார்ட்டன் பத்து கிலோதான் இருந்தாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த மாதிரி சரக்கில் 1588 கிலோவை எட்டும் முன்பே பெட்டி நிரம்பிவிடும். இப்போது நீங்கள் எடை குறைக்கிறேன் என்று நுரை நடுவில் வைத்த சாண்ட்விச் பலகை போட்டு, சுவரைக் கூடுதலாக 2.5 செ.மீ. தடிமனாக்குகிறீர்கள் என்று வையுங்கள். கதவை விட்டுவிட்டால் சுவர், கூரை எல்லாம் சேர்த்துப் பத்து சதுர மீட்டர் வரும், அதாவது உள்ளே கால் கன மீட்டர் போச்சு. கட்டணக் கணக்கில் அது சுமார் 40 கிலோ! 20 கிலோ மிச்சம் பிடித்து 40 கிலோவை விடுவதா? அதனால் மெல்லிய பலகைதான், கண்ணாடி இழையோ அராமிடோ (கெவ்லார் மாதிரி இழை) போட்டது.

உறுதி என்று வந்தால் பெட்டியைக் கொல்வது வானம் இல்லை, தரைதான். ரோலர் இல்லாத சிமென்ட் தரையில் இழுப்பார்கள், ஃபோர்க்லிஃப்ட் கம்பி சுவரைக் குத்தும், அடித்தகடு வளையும். வளைந்தால் விமானத்தின் ரோலரில் ஓடாது, ஓரம் லாக்கில் உட்காராது. உட்கார்ந்தாக வேண்டும், ஏனென்றால் விமானம் குலுங்கும்போது பெட்டி மேலே எழாமல் பிடிப்பது அந்த லாக்தான். எவ்வளவு சேதம் வரை ஏற்றலாம் என்று பெட்டியிலேயே ஒட்டியிருப்பார்கள், அதைத் தாண்டினால் ஓரங்கட்ட வேண்டியதுதான். எனவே அடித்தளமும் ஓரச் சட்டமும் அலுமினியமாகவே இருக்கட்டும். 7075 மாதிரி கடினமான ரகத்தை வெல்டிங் செய்தால் பலம் போய்விடும், ரிவெட்தான். அதுவும் ஒரு வசதிதான், கெட்ட துண்டை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இப்போது கார்பன். விலையை விடுங்கள். குத்து வாங்கினால் அராமிட் மாதிரி தாங்காது, உடையும். அப்புறம் அலுமினியத்தோடு நேரடியாக ஒட்டி ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், சென்னைக் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். நடுவில் காப்புப் பூச்சு கொடுக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு ரிவெட் ஓட்டையிலும் அதைக் காப்பாற்ற யாரால் முடியும்?

தீ பரவும் வேகத்துக்குத் தனிச் சோதனை உண்டு, பொருளை முடிவு செய்யும்போதே விமானக் கண்டெய்னர்களுக்கு அமெரிக்க விமானத் துறை வைத்திருக்கும் டி.எஸ்.ஓ. சி90 என்ற தரத்தையும் படித்துவிடுங்கள். 2010 செப்டம்பரில் துபாயில் லித்தியம் பேட்டரி ஏற்றிய சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்த பிறகு, தீ தாங்கும் பெட்டிக்கு மவுசு கூடியிருக்கிறது.

கல்லூரியில் முழுப் பெட்டி செய்யப் பணம் கொடுக்க மாட்டார்கள். ஒரு அடி மூலையும் இரண்டு சுவர்த் துண்டும் மட்டும் செய்து, ரோலரில் உருட்டி, கம்பியால் குத்தி, பிறகு அதைப் பழுது பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். வைவாவில் கேட்பவர்களுக்குக் காட்ட அதுவே போதும்.