மூலையில் ஒரு நண்டு: படப்புத்தகங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் திருவாரூர் மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தன் வீட்டுத் திண்ணையில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டுகிறார்.)

வணக்கம் அம்மா. என் மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. போன மாதம் கும்பகோணம் போனபோது ஐந்து புத்தகம் வாங்கினேன். அ ஆ, ஏபிசிடி, பழங்கள், வாகனங்கள், விலங்குகள். ஒன்றை ரெண்டே நாளில் கிழித்துவிட்டாள். ‘எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எதுக்கு இந்தச் செலவு’ என்கிறார் மாமியார். புதிதாக என்ன படப்புத்தகம் வாங்கலாம்?
– வாசகி, வலங்கைமான்

தங்கச்சி, நீங்கள் வாங்கிய ஐந்தும் பாடப் புத்தகங்கள்தான், அட்டை மட்டும் வண்ணமாக இருக்கிறது. ஆப்பிள் படத்துக்குக் கீழே ஆப்பிள் என்று எழுதியிருந்தால் பிள்ளை ஒரு தரம் பார்க்கும். அப்புறம் அந்தப் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. சும்மா இருக்கிற கை கிழிக்கத்தான் செய்யும்.

கதை உள்ள படப்புத்தகம் வாங்குங்கள். கடையில் நின்றபடியே ஒன்று செய்து பாருங்கள். எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். என்ன நடக்கிறது என்று ஓரளவு புரிய வேண்டும். அப்புறம் எழுத்தைப் படியுங்கள். எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து சொன்னதையே படமும் சொல்லிக்கொண்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன ஆடியில் எங்கள் திண்ணையில் ஒன்று நடந்தது. மழையில் செருப்பைத் தொலைத்த ஒரு பையனின் கதை. பக்கம் முழுக்கத் தண்ணீர். நான் செருப்பிலேயே குறியாகப் படித்துக்கொண்டு போகிறேன். நாலு வயதுப் பையன் ஒருவன் முட்டிபோட்டு நகர்ந்து வந்து, பக்கத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தான். “பாட்டி, நண்டு.” வரப்போரம் ஒரு வளை, அதிலிருந்து பாதி உடம்பு வெளியே தெரிகிற நண்டு, கடுகு அளவுக்குக் கண். அந்தப் புத்தகத்தை அதற்கு முன்னால் ஏழெட்டு தரம் படித்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. முந்தின பக்கத்தைத் திருப்பச் சொன்னான். அங்கேயும் நண்டு. அதற்கும் முந்தின பக்கத்தில் செருப்பு வாரைக் கொடுக்கால் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது! எழுத்தில் நண்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எங்கள் எல்லாரையும்விட அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவன் எழுத்துத் தெரியாத அவன்தான். உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே படித்துக்காட்டச் சொல்லுங்கள், பேத்தி மடியில் உட்கார்ந்துவிட்டால் செலவுக் கணக்கு மறந்துபோகும்.

என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ‘கஜபதி குலபதி’ வாங்குங்கள். அசோக் ராஜகோபாலன் எழுதி, அவரே வரைந்தது. 1996-லிருந்து குழந்தைகளுக்காகவே புத்தகம் போடுகிற சென்னை தூலிகா பதிப்பகத்தின் வெளியீடு. ஒரு யானைக்குச் சளி பிடிக்கிறது, தும்முகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தத் தும்மலை நீங்கள் வயிற்றிலிருந்து எடுத்துப் போட வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால்தான் சரியாகத் தும்மினீர்கள் என்று அர்த்தம். எங்களிடம் மன்னார்குடிப் பெண் குழந்தை ஒன்று வரும். அவள் கேட்ட முதல் கேள்வி, “இந்த யானைக்கு ஏன் பாப் கட்டிங் இல்ல?” ராஜகோபாலசாமி கோயிலில் பாப் கட்டிங்கோடு நிற்கிற யானை செங்கமலத்தைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

புதுப் புத்தகம் வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கைக்குக் கிடைத்த படங்களில் பிள்ளைகளுக்கெல்லாம் ரோஜாக் கன்னம், வீட்டுக்கெல்லாம் புகைபோக்கி. இப்போது கறுத்த முகம், ஓட்டு வீடு, அடுப்படியில் அப்பா, சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லாம் வந்துவிட்டார்கள். வாங்கும்போது அதையும் பாருங்கள். உங்கள் மகள் அந்தப் பக்கத்தில் தன் தெருவைப் பார்க்க வேண்டும்.

கிழிப்பது பற்றிக் கவலை வேண்டாம். இந்திய நூலகத் துறைக்குத் தந்தை என்று சொல்லப்படுகிற எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் நம் சீர்காழியில் பிறந்தவர். அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். செலோடேப் போடாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பசை கசியும். மெல்லிய வெள்ளைத் தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டிங் கடைக்காரர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளை வாயில் வைக்கும் புத்தகத்துக்குக் கூடவே கூடாது.

பேரன் தினமும் ஒரே புத்தகத்தை எடுத்து வருகிறான். இருபது நாளாக அதே கதை. எனக்கு அலுத்துவிட்டது. வேறு புத்தகத்துக்கு எப்படி மாற்றுவது?
– ஒரு தாத்தா, வேதாரண்யம்

ஐயா, மாற்றாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், அது தெரிந்தபடியே வருவதுதான் அவனுக்குச் சந்தோஷம். ஒரு நாள் நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள், உடனே பிடித்துவிடுவான். இன்னொரு நாள் பாதி வரியில் நிறுத்துங்கள், மீதியை அவன் சொல்வான். அப்புறம் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, “தாத்தாவுக்குக் கண்ணாடி இல்லடா, நீ படி” என்று சொல்லுங்கள்.

அலுப்பு தீர இன்னொரு வழியும் உண்டு. அச்சில் ‘மழை பலமாகப் பெய்தது’ என்று இருந்தால், “மழ கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு” என்று படியுங்கள். நீங்கள் பேசுகிற தமிழில் வந்தால்தான் அது தாத்தா சொன்ன கதை. கொக்குப் படம் வந்தால் கொக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வயலில் நிற்கிற மடையானைப் பற்றியும், கோடியக்கரைக்கு வலசை வருகிற பூநாரையைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் ஊரில் இருந்துகொண்டு பறவைப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பலாமா?

அங்கன்வாடியில் 18 பிள்ளைகள். புத்தகம் ஒன்றுதான், அதுவும் சின்னது. எப்படிக் காட்டுவது?
– பணியாளர், கோட்டூர் ஒன்றியம்

முதல் நாள் ராத்திரியே கதையை மனப்பாடம் செய்துவிடுங்கள் தங்கச்சி. புத்தகத்தை நம் பக்கம் வைத்துப் படித்துவிட்டு, அப்புறம் அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினால் பத்து பிள்ளைகள் அதற்குள் எழுந்து போயிருக்கும். படம் முழு நேரமும் அவர்களைப் பார்த்தபடி, உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்பது ஒன்பதாகப் பிரித்து இரண்டு முறை படிப்பது இன்னும் நல்லது. பிறைவட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். அவசரமே வேண்டாம். எழுத்தே இல்லாமல் படம் மட்டும் உள்ள புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். கதையைப் பதினெட்டுப் பேரும் சேர்ந்து சொல்வார்கள், நீங்கள் பக்கம் திருப்பினால் போதும்.

எங்கள் ஊரில் பேப்பர் கடைதான் உண்டு, புத்தகக் கடை இல்லை. நல்ல படப்புத்தகத்துக்கு எங்கே போவது? கையைக் கடிக்காத விலையில் இருக்க வேண்டும்.
– மீன்பிடித் தொழிலாளி, தரங்கம்பாடி பக்கம்

தம்பி, 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கிவைத்தவர் நான் மேலே சொன்ன ரங்கநாதன். இப்போது வண்டி வராது, ஆனால் கையில் போன் இருக்கிறது அல்லவா? பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழிலேயே ஏராளமான படக்கதைகள் இருக்கின்றன. காசு கிடையாது. தரவிறக்கலாம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடாதீர்கள். பிடித்த கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நடுவில் ஊசி நூலால் தைத்துக் கொடுங்கள். வலை பின்னுகிற கைக்குத் தையல் சொல்லித்தர வேண்டுமா என்ன!

காகிதத்தில் வாங்க வேண்டுமென்றால் நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை மலிவு. பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வரிசையையும் பாருங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளையையும் கூட்டிப்போய் அவனே எடுக்க விடுங்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற மூத்த பிள்ளை வீட்டில் இருந்தால், வாசிப்பு இயக்கப் புத்தகங்களை ஆசிரியரிடம் கேளுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருப்பார்கள். ‘நுழை’ புத்தகங்களைச் சின்னவனுக்குப் படித்துக் காட்டலாம்.

ஐப்பசி வந்தாலே வீட்டில் ஓதம். பிள்ளைகளின் புத்தகமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, பூச்சியும் அரிக்கிறது.
– வாசகி, நாகப்பட்டினம்

அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து பின்வரிசையில் வையுங்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைக்கிற மருந்துப் பொடியிலும் அது உண்டு. பிள்ளை கைக்கு எட்டாமல் மட்டும் இருக்கட்டும்.

படப்புத்தகம் பெரும்பாலும் வழவழப்பான தாள். நனைந்து அப்படியே காய்ந்தால் செங்கல் மாதிரி ஒட்டிவிடும், அப்புறம் பிரித்தால் படம் உரியும். ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவில் வெள்ளைத் தாள் வைத்து, விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும். வெயில் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் நூலகத்தில் ஓடு பறந்து சிறுவர் பகுதி முழுக்க நனைந்தது. கரண்ட் இல்லை. நானும் பக்கத்துத் தெருப் பெண்கள் ரெண்டு பேரும் பனை விசிறியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தோம். காப்பாற்றியது நாற்பதுக்குக் கிட்டத்தட்ட. அதில் ஒன்று இன்னும் திண்ணைக்கு வருகிறது. ஒரு பக்கம் மட்டும் அலை அலையாகச் சுருங்கியிருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் திருப்ப விடுகிறார்கள்.