எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) விடுதலையானால் அரசு வழக்கறிஞர் தானாகவே மேல்முறையீடு செய்வாரா?

மாட்டார். அவராக முடிவெடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றத்தில் நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) விடுதலை செய்தால், அமர்வு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லி மாவட்ட நடுவர், அதாவது நம் ஊரில் கலெக்டர், உத்தரவிட வேண்டும். அமர்வு நீதிமன்றமே விடுதலை செய்திருந்தால் மாநில அரசு உத்தரவிட வேண்டும். உயர் நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை ஏற்க முதலில் அனுமதி தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 378, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பிஎன்எஸ்எஸ்ஸில் 419.

உங்களுடையதும் அடிதடி வழக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் தம்பியை வரப்புத் தகராறில் அரிவாளால் வெட்டினார்கள். பார்த்த இரண்டு பேர் பிறழ்சாட்சியானார்கள் (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிவிட்டார்கள்), மூன்று எதிரிகளும் விடுதலை. ஏபிபியிடம் (உதவி அரசு வழக்கறிஞரிடம்) கேட்டால் "கலெக்டர் ஆபீசில் பாருங்கள்" என்றார். அங்கே கேட்டால், மேல்முறையீட்டுக்கு உகந்ததா என்ற கருத்துரை இன்னும் வரவில்லை என்றார்கள். கருத்துரை எழுத வேண்டியவரோ காவல் நிலையத்திலிருந்து வழக்குக் கட்டு வரவில்லை என்றார். அரசுக்கு உள்ள 90 நாள் இப்படியே கரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஒரு வயதான வக்கீல் வேறொரு பிரிவைக் காட்டினார். 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரே விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். பழைய 372, இப்போது 413. கலெக்டரையோ அரசையோ எதிர்பார்த்து நிற்க வேண்டாம். உயர் நீதிமன்றத்துக்குப் போவதானாலும் முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. தம்பி பெயரிலேயே போட்டோம். நேரில் பார்த்தவர்கள் மாறினாலும் தம்பியின் சாட்சியமும் டாக்டரின் சாட்சியமும் ஒத்துப்போகின்றன என்று முதல் எதிரியைத் தண்டித்தார்கள். மற்ற இருவருக்கும் சந்தேகத்தின் பலன்.

உடனே சிலர் வந்து, விடுதலையானவனை விடாமல் துரத்துவது நியாயமா என்பார்கள். விடுதலை ஆனவுடன் நிரபராதி என்ற அனுமானம் இன்னும் வலுப்பெறும், இரண்டு விதமாகவும் பார்க்க முடிகிற சாட்சியம் என்றால் விடுதலையில் கை வைக்கக் கூடாது, இது 2007இல் சந்திரப்பா வழக்கில் தெளிவாகச் சொல்லப்பட்டது. அந்த இருவர் விஷயத்தில் நாங்களும் அதை ஏற்றுக்கொண்டோம். நான் வக்கீல் இல்லை. உங்கள் கட்டைப் படித்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தண்டனை குறைவு என்பதுதான் உங்கள் குறை என்றால் வழி வேறு. அதற்கு அரசு மட்டுமே போகலாம் (418). நமக்கு அந்த உரிமை இல்லை, இது எனக்கு இன்றும் ஆறவில்லை. விடுதலையை எதிர்த்துச் சீராய்வு மனு (ரிவிஷன்) போடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்: சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது. நம் மாநில வழக்கு ஒன்றிலேயே 2022இல் உச்ச நீதிமன்றம் அப்படிக் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல வந்த என் அம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருந்தார். உட்கார ஒரு பெஞ்சு இல்லை, பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கடைசியில் வாய்தா. சாட்சிகள் ஏன் மாறுகிறார்கள் என்று கேட்பவர்கள் ஒருநாள் அந்த வராந்தாவில் நின்று பார்க்கட்டும்.

சரி, நீங்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு இத்தனை நாள் என்று 413இல் எழுதவில்லை, ஆனாலும் 30 நாளுக்குள் தாக்கல் செய்துவிட்டால் காலதாமத மனு, அதற்கு ஒரு வாதம் என்ற தொல்லை இருக்காது.