சிங்க் அடியில் உள்ள கழிவு அரைக்கும் மெஷின் ஒழுகுகிறது, மாற்றத்தான் வேண்டுமா?

எங்கே ஒழுகுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே சிங்கோடு சேரும் வளையத்தில் என்றால் நீர் கசியாமல் அடைக்கும் பழைய பசையை (putty) சுரண்டிப் புதிதாக வைத்தால் போதும். மோட்டாரின் அடிப்பக்கத்தால் சொட்டினால் உள் சீல் போய்விட்டது, திருத்துவது வீண்செலவு.

புதியதன் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் 120 வோல்ட் மெஷினைக் கொழும்பு கரண்டில் நேரே கொடுத்தால் மோட்டார் எரியும். ட்ரான்ஸ்போமர் போட்டாலும் வோல்ட் மட்டும்தான் மாறும், இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் அந்த மெஷினுக்கு வேண்டிய 60 ஆகாது. சிங்க் துளை 90 மில்லிமீட்டர்தானா என்றும் அளந்துவிடுங்கள்.

கழற்றுமுன் ட்ரிப் சுவிட்சை நிறுத்துங்கள். மெஷின் பாரம், அடியில் ஒருவர் தாங்க வேண்டும். பாத்திரம் கழுவும் மெஷினின் குழாயும் இதில் சேருமென்றால், பூட்டுமுன் அந்த வாயிலுள்ள பிளாஸ்டிக் அடைப்பைத் தட்டி எடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் உள்ளே போகவே கூடாது, நார் சுற்றித் தட்டு இறுகிவிடும்.