உள்ளங்கையில் டாங்கி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தனை நாளும் 1/35 அளவில் டாங்கி மாடல்கள் செய்துவந்தேன். அலமாரி நிறைந்துவிட்டது. 1/72-க்கு மாறலாமா? அப்படியே இன்னொன்று, 35 என்ற இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது?

பதில்: தாராளமாக மாறுங்கள். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க ஷெர்மன் டாங்கி நிஜத்தில் கிட்டத்தட்ட 5.8 மீட்டர் நீளம். 1/35-ல் அது 17 செ.மீ., 1/72-ல் 8 செ.மீ. ஒன்று நிற்கும் இடத்தில் நான்கை நிறுத்தலாம். வேலையும் அப்படிக் குறையும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், கைநடுக்கம் அளவுக்குத் தக்கபடி சுருங்குவதில்லை.

72-க்கு ஒரு கணக்கு உண்டு: ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம். 35-க்கு அப்படி எதுவும் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் (ஜெர்மன் டாங்கி) மாடல் ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று உடலை வடிவமைத்துவிட்டு, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு வந்தது. அதையே பிடித்துக்கொண்டார்கள். நாமும்தான்.

கேள்வி: ஜெர்மன் டாங்கிக்கு உரிய அசல் மஞ்சளைத் தேடிப்பிடித்து அடித்தேன். புட்டியில் சரியாக இருந்த நிறம் மாடலில் இருண்டுபோய்க் களிமண் உருண்டை மாதிரித் தெரிகிறது. பெயின்ட் மோசமா?

பதில்: பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். 1/72 மாடலை நீங்கள் 30 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ டாங்கியை 21 மீட்டருக்கும் மேல் விலகி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூட எந்த நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் கண்ணுக்கு வரும். போதாக்குறைக்கு, வெயிலில் நிற்கும் பெரிய இரும்புத் தகட்டின் பளிச்சும் நிழலும் மேசை விளக்கடியில் கிடக்கும் விரல் நீளப் பிளாஸ்டிக்கில் தானாக வராது, நாம்தான் தீட்டியாக வேண்டும்.

நான் செய்வது இது. அடிப்படை நிறத்தில் நாலு பங்குக்கு ஒரு பங்கு வெளிர்நிறம் கலப்பேன். சுத்த வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு பூசினது போல ஆகிவிடும். தந்த நிறம் அல்லது மணல் நிறம் நல்லது. மேல்நோக்கிய தகடுகளுக்கு இன்னும் கொஞ்சம் வெளிர்வாக ஒரு பூச்சு. அதற்கப்புறம் இடுக்குகளிலும் ஆணி ஓரங்களிலும் மட்டும் நீர்த்த அடர்பழுப்பு எனாமல் பெயின்ட்டை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தால் அது தானாக ஓடி உட்காரும். உடம்பு முழுக்க ஊற்றிக் குளிப்பாட்டினால் முதலில் வெளிறவைத்த உழைப்பெல்லாம் வீண்.

‘அசல் மஞ்சள்’ பற்றியும் ஒரு வார்த்தை. 1943 பிப்ரவரியில்தான் ஜெர்மானியர்கள் சாம்பலை விட்டு அடர்மஞ்சளை அடிப்படை நிறமாக்கினார்கள். அதன்மேல் அடிக்க வேண்டிய செம்பழுப்பும் ஆலிவ் பச்சையும் பசையாக டப்பாவில் படைக்குப் போகும், அங்கே கையில் கிடைத்த தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து அடிப்பார்கள். எவ்வளவு கரைத்தார்கள் என்பதைப் பொறுத்து நிறம் வண்டிக்கு வண்டி மாறும். இதில் ‘உங்கள் நிறம் தப்பு’ என்று விரல் நீட்டுகிறவரைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கேள்வி: துருவும் பெயின்ட் உதிர்ந்த கீறல்களும் எவ்வளவு போடலாம்?

பதில்: நீங்கள் போட நினைப்பதில் கால்வாசி. 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் 7 செ.மீ. அகலம்! படம் அனுப்பியிருந்தீர்கள், அதில் டாங்கியின் மூக்கில் உள்ளங்கை அகலத்துக்கு இருபது இடத்தில் பெயின்ட் காணோம். போரில் பல டாங்கிகள் சில மாதங்கள்தான் ஓடின, துருப்பிடித்து உளுத்துப்போக அவற்றுக்கு நேரமே இருந்ததில்லை. சூட்டில் வேகும் சைலன்சருக்குத் துரு சரி. சங்கிலிப் பட்டைக்கு மண் நிறம் அடித்து, தரையில் தேயும் மேடுகளில் மட்டும் பென்சில் கரியைத் தேய்த்தால் இரும்புப் பளபளப்பு வந்துவிடும். மற்ற இடங்களுக்குத் தூசி போதும்.

கேள்வி: ரப்பர் போன்ற சங்கிலிப் பட்டை ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: பிளாஸ்டிக் பசை, மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது, இந்த மெத்தென்ற பொருளை அது கரைப்பதில்லை. சூப்பர் க்ளூ போடுங்கள், இல்லையென்றால் இரண்டு முனைகளையும் நூலால் தைத்து, தையலைத் தரைப்பக்கம் மறைத்துவிடுங்கள். சில பழைய பட்டைகள் ஆண்டுக்கணக்கில் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்து அதையே உருக்கிவிடும், அதனால் சக்கரத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் மாட்டாதீர்கள். பட்டையின் மேல்பகுதி தொய்வது எல்லா டாங்கிக்கும் பொருந்தாது. சோவியத் டாங்கியான டி-34-ல் பட்டை பெரிய சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். ஷெர்மனுக்கு மேலே தாங்கும் உருளைகள் உண்டு, பட்டை விறைப்பாகவே ஓடும்.

கேள்வி: நட்சத்திரம், எண் ஸ்டிக்கர்களைச் சுற்றி வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது.

பதில்: அடியில் சிக்கிய காற்று. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் நுண்ணிய அளவில் சொரசொரப்பானது, ஸ்டிக்கர் அதன் பள்ளங்களுக்குள் இறங்காது. முதலில் பளபள வார்னிஷ், நன்றாகக் காய்ந்ததும் ஸ்டிக்கர், மேலே அதை இளக்கும் திரவம். அது பட்டதும் ஸ்டிக்கர் சுருங்கி நெளியும். பயந்துபோய் விரல் வைத்தீர்களானால் கிழிந்தது. (நான் வைத்தேன்.) விட்டுவிட்டால் காயும்போது தானே படிந்துகொள்ளும். கடைசியில் மேட் வார்னிஷ்.

கேள்வி: பீரங்கி மாடல்கள் எளிது என்று ஒன்று வாங்கினேன். குழாய் முனை அடைத்திருக்கிறது, துளை போட்டால் கோணுகிறது. பின்கால்களை எப்படி வைப்பது என்றும் புரியவில்லை.

பதில்: எளிது என்று யார் சொன்னது? டாங்கியில் தவறை மறைக்கப் பெட்டி போல ஓர் உடல் இருக்கிறது, பீரங்கியில் எல்லாமே வெளியே. 88 மி.மீ. பீரங்கியின் வாய் 1/72-ல் 1.2 மி.மீ.தான். ஊசி முனையால் மையத்தில் ஒரு குழி, பிறகு விரலால் சுழற்றும் கை டிரில்லில் அரை மில்லிமீட்டர் முனை, அதற்கு மேல்தான் பெரியது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நேராகப் பாருங்கள். அப்படியும் கோணினால் முனையை வெட்டிவிட்டு உலோகக் குழாய்த் துண்டு வையுங்கள்.

கால்களைப் பொறுத்தவரை, முதலில் பீரங்கி சுடுகிறதா, வண்டி இழுத்துப் போகிறதா என்று முடிவு செய்யுங்கள். இரட்டைக் கால் பீரங்கி சுடும்போது கால்கள் விரிந்து, நுனித் தகடுகள் மண்ணில் புதைந்திருக்கும், இல்லையென்றால் உதைப்பில் பின்னால் ஓடிவிடும். இழுத்துப் போகும்போது கால்கள் சேர்ந்து பூட்டியிருக்கும். பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கிக்குக் கால் ஒற்றைச் சட்டம், சுடும்போது சக்கரத்துக்கடியில் வட்டத் தட்டு. கால்களைச் சேர்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குண்டு நிரப்பும் வீரர்களை நிறுத்தியிருக்கும் மாடல்களை எத்தனையோ பார்த்தாயிற்று!

கேள்வி: ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் முடியுமா?

பதில்: 1/72-ல் முடியும். கெட்டியாக ஒன்று அடிக்காமல் நீர்க்க மூன்று தடவை அடியுங்கள், ஒவ்வொன்றும் காயட்டும்.

கேள்வி: இடுக்கியிலிருந்து தெறித்த முன்விளக்கு ஒரு வாரமாகக் கிடைக்கவில்லை.

பதில்: வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய பழைய சாக்ஸ் ஒன்றைக் கட்டி மூலைமூலையாக ஓட்டுங்கள், விளக்கு துணியில் வந்து ஒட்டும். அப்படியும் இல்லையா, டிஷ்யூ காகிதத்தை வெள்ளைப் பசைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டி, தார்ப்பாய் மாதிரி அந்த இடத்தின் மேல் போட்டுவிடுங்கள். என் டாங்கிகளில் மூன்றில் தார்ப்பாய் இருக்கிறது.