நால்வர் கையில் ஒரு தையல் மெஷின்

கேள்வி: போட்டி நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகப் போட்டுப் பகிர்ந்துகொண்டால் வழக்கு குறையும், புதுக் கண்டுபிடிப்பு பெருகும்தானே?
– வாசகி, ஈரோடு

பதில்: சேர்ந்தவர்களுக்குள் வழக்கு குறையும். கண்டுபிடிப்பு பெருகும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்கத் தையல் மெஷின் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நுனியில் காது வைத்த ஊசியும், அடிநூலைக் கொண்டுபோகும் ஷட்டிலும் சேர்ந்து போடும் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். துணியை நகர்த்தும் பல்லின் உரிமை வீலர் அண்ட் வில்சன் நிறுவனத்திடம். சிங்கர், குரோவர் அண்ட் பேக்கர் நிறுவனங்களிடமும் வேறு சில. யார் நல்ல மெஷின் செய்தாலும் இன்னொருவர் உரிமையில் கை வைத்தாக வேண்டும். ஆளுக்கு ஆள் வழக்கு. 1856-ல் நால்வரும் உரிமைகளை ஒரே கட்டாகக் கட்டி, காப்புரிமைக் கூட்டு அமைத்தார்கள். செய்யும் ஒவ்வொரு மெஷினுக்கும் 15 டாலர் உரிமக் கட்டணம், 1860 முதல் 7 டாலர். வசூலில் ஒரு பங்கை வெளியார் மேல் வழக்குப் போட ஒதுக்கினார்கள். கோளாறு அங்கேதான்.

ரயன் லாம்ப், பெட்ரா மோசர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். கூட்டு இருந்த காலத்தில் புதுக் காப்புரிமைகள் குறைந்தன, உறுப்பினர்களிடம் இன்னும் அதிகமாக. நிமிடத்துக்கு எத்தனை தையல் என்ற வேகமும் தேங்கியது. 1877-ல் கூட்டு கலைந்த பிறகே மறுபடி ஏறியது. பூட்டுத் தையலைத் தொட்டால் நாலு பேரும் சேர்ந்து வழக்குக்கு வருவார்கள் என்பதால், வெளியார், நூலைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் சங்கிலித் தையல் பக்கம் ஒதுங்கினார்கள். அரிசி மூட்டையின் வாயில் அந்தத் தையலைப் பாருங்கள்: சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்கச் சரசரவென்று பிரிந்துவிடும். மூட்டைக்கு அது வசதி. சட்டைக்கு ஆகுமா? அத்தனை பேரின் உழைப்பும் மட்டமான தையலுக்குத் திரும்பியது பெரிய இழப்பு.

கேள்வி: அப்படியானால் எந்தக் கூட்டும் ஆகாதா?

பதில்: அப்படியில்லை. எச்.ஐ.வி. மருந்துகளுக்காக 2010-ல் ஜெனிவாவில் தொடங்கிய மருந்துக் காப்புரிமைக் கூட்டு நல்லதே செய்திருக்கிறது. மூன்று மருந்தை ஒரே மாத்திரையாக்கப் பல உரிமையாளர்களின் வாசலில் நிற்க வேண்டிய இடத்தில், ஒரே வாசல் கிடைத்தது. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் உரிமம் 2014-ல் கூட்டுக்கு வந்தது. அது சேர்ந்த மூன்று மருந்து மாத்திரைக்கு, ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 75 டாலர் என்ற விலை 2017-ல் பல ஏழை நாடுகளுக்கு அறிவிக்கப்பட்டது.

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் மூன்றைத் தேடுங்கள். கூட்டில் உள்ள உரிமைகள் ஒன்றுக்கொன்று துணையா, அல்லது ஒன்றுக்குப் பதில் ஒன்றா? ஒன்றுக்குப் பதில் ஒன்று என்றால் போட்டியே செத்துவிடும். உரிமையாளரிடம் தனியாகவும் உரிமம் வாங்க வழி உண்டா? உரிமம் வாங்கியவர் பிறகு செய்யும் மேம்பாட்டைக் கூட்டுக்கே சும்மா கொடுக்கச் சொல்கிறதா? மூன்றாவது இருந்தால், ஆராய்ச்சிக்கு எவரும் காசு போட மாட்டார்கள்.