குங்குமப்பூப் பாலும் இரும்பு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 24. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. முதல் பிரசவம், இப்போது ஆறாம் மாதம். போன மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போட்டால் குமட்டுகிறது, அதனால் ராத்திரி அத்தை காய்ச்சித் தரும் குங்குமப்பூப் பாலோடு விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறேன், சில நாள் போடாமலும் விட்டுவிடுவேன். ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் என்று வீட்டில் சோற்றை அள்ளி வைக்கிறார்கள். மாதுளை, பீட்ரூட், புரோட்டீன் பவுடர் என்று செலவு வேறு. பப்பாளி, அன்னாசி, எள் எதையும் கண்ணில் காட்டுவதில்லை. என்னைப் பெற்றபோது அம்மாவுக்குப் பாலே இல்லையாம். உனக்கும் அப்படித்தான் இருக்கும், ஒரு பால் டின் வாங்கி வைத்துக்கொள் என்கிறார். பால் நன்றாக ஊற இப்போதிருந்தே என்ன சாப்பிடலாம்? மார்பை எப்படித் தயார் செய்வது?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது பால் டின்னும் இல்லை, பப்பாளியும் இல்லை. மாத்திரையைப் பாலோடு விழுங்குகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். பாலில் இருக்கும் கால்சியம் இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. டீ, காபியும் அப்படித்தான். அத்தை ஆசையாகக் காய்ச்சித் தருகிறார், நீங்களும் குமட்டலைப் பொறுத்துக்கொண்டு விழுங்குகிறீர்கள், ஆனால் அந்த மாத்திரையில் கணிசமான பகுதி வீணாகப் போகிறது. குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ருசிக்காகக் குடிப்பதென்றால் குடியுங்கள், அந்த நேரத்துக்கு இரும்பு மாத்திரை மட்டும் வேண்டாம்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். உங்கள் 9.2 லேசானதில் சேராது, நடுத்தரம். இதில் நீங்கள் தனியாள் இல்லை, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அதற்காக விட்டுவிட முடியாது. பிரசவத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் ரத்தம் போகும், கையிருப்பே குறைவாக இருக்கிறவருக்கு அந்தக் கொஞ்சமே ஆபத்தாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ரத்தசோகை இல்லாதவருக்கே நாளைக்கு ஒன்று, உங்கள் அளவில் இருப்பவர்களுக்கு வழக்கமாக ரெண்டு. உங்களுக்கு எத்தனை எழுதியிருக்கிறது என்று அட்டையை எடுத்துப் பாருங்கள், புரியவில்லை என்றால் செவிலியரிடம் கேளுங்கள். மதியம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். கொய்யா, நெல்லிக்காய் கிடைத்தால் கூடவே ஒரு துண்டு, வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். கம்பெனியில் நாலு மணிக்கு டீ வரும் என்றால் மாத்திரை இரண்டரைக்கே உள்ளே போயிருக்க வேண்டும். ரெண்டு என்று எழுதியிருந்தால் இன்னொன்றைக் காலை பதினொரு மணிவாக்கில் போடலாம். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்க்காதீர்கள். அது காலை டிபனோடு ஒன்று, ராத்திரி சாப்பாட்டோடு ஒன்று, அத்தையின் பாலும் அப்போதே. மலம் கறுப்பாகப் போவது இரும்பின் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கல் வந்தால் தண்ணீரையும் காயையும் கூட்டுங்கள். மாத்திரை போட்டால் குழந்தை கருப்பாகும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம் ஏறவேண்டும். ஏறவில்லை, அல்லது குமட்டல் தாங்கவே முடியவில்லை என்றால் ஊசியாக ஏற்றும் வசதி அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நாள் விட்டு நாள் போட்டுக்கொண்டிருப்பதுதான் மோசம். அப்புறம், அரிசி, சாம்பல், மண் தின்ன ஆசை வருகிறதா? பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ரத்தசோகையில் வருவதுதான் அது, டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம்.

மாதுளையும் பீட்ரூட்டும் நல்லவைதான், ஆனால் நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது, ரெண்டிலும் இரும்பு ரொம்பக் குறைவு. அந்தக் காசுக்கு முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு வாங்கலாம். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் பழைய ஆட்கள் சொல்லும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், நிஜமாகவே இரும்பு நிறைந்தது, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது.

ரெண்டு உயிருக்குச் சாப்பிடுவது பற்றி. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, கர்ப்ப காலத்தில் கூடுதலாக வேண்டியது நாளைக்கு 350 கலோரி. இன்னொரு ஆள் சாப்பாடு இல்லை அது. ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு சின்ன வாழைப்பழம், அவ்வளவில் முடிந்தது. உங்களுக்குக் குறைவது சோறு இல்லை, புரதம். கடைசி மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட 22 கிராம் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்ந்தாலே ஏறக்குறைய வந்துவிடும். முட்டையை முழுதாக வேகவையுங்கள், இந்த நாலு மாதத்துக்கு ஆஃபாயில் கிடையாது. நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் அந்தப் பவுடர் டின்னின் பின்பக்கத்தைத் திருப்பி எவ்வளவு சர்க்கரை என்று பாருங்கள், நீங்களே அடுத்த டின் வாங்கமாட்டீர்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு சும்மா தருகிறார்கள், போய் வாங்கியிருக்கிறீர்களா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு மொத்தம் 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் மதிப்புக்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழம், நெய், இரும்பு டானிக் எல்லாம் அதில் வரும். உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் பெயர் பதிந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

பழுத்த பப்பாளி, அன்னாசி, எள் எல்லாம் உணவாகச் சாப்பிடும் அளவில் ஒன்றும் செய்யாது. காயாக இருக்கும் பப்பாளியில்தான் பால் இருக்கிறது, அதை மட்டும் தவிருங்கள். அத்தை மனம் கஷ்டப்படும் என்றால் பப்பாளிக்காகச் சண்டை போடவேண்டாம், நாட்டில் வேறு பழம் இல்லையா என்ன. எள்ளுருண்டைக்கு வேண்டுமானால் போராடுங்கள், கால்சியமும் இரும்பும் அதில் அப்படி இருக்கிறது.

இன்னொன்று, நீங்கள் எழுதவே இல்லை: சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்ப கால நீரிழிவு. இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யவேண்டும் என்று 2007-லேயே கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. 24-லிருந்து 28 வாரத்துக்குள் பார்ப்பது முக்கியம், அதாவது உங்களுக்கு இப்போது. வளைகாப்பு வரப்போகிறது, ஊரே இனிப்பு ஊட்டப்போகிறது, அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

சரி, பால் விஷயத்துக்கு வருவோம். அம்மாவுக்குப் பால் இல்லை என்பது உங்களுக்குச் சொத்தாக வந்து சேராது. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், நீங்கள் பிறந்து எத்தனை நேரம் கழித்து மார்பில் போட்டார்கள், அதுவரை வாயில் என்ன ஊற்றினார்கள் என்று. சீனித்தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால், அப்புறம் சீம்பால் கெட்டபால் என்று பீய்ச்சிக் கீழே ஊற்றுவது, இதெல்லாம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். வேறு எதையாவது ஊற்றி அதன் வயிற்றை நிரப்பிவிட்டால் சப்பாது, சப்பாவிட்டால் சுரக்காது, ரெண்டு நாளில் ‘இவளுக்குப் பால் இல்லை’ என்று பேர் கட்டிவிடுவார்கள். நிஜமாகவே சுரப்பு போதாத தாய்மார்கள் உண்டு, ஆனால் குறைவு. தைராய்டு கோளாறோ, முன்னால் மார்பில் அறுவை சிகிச்சையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதனால் பால் ஊற இப்போதே என்ன சாப்பிடலாம் என்ற கேள்விக்கு, தனியாக எதுவும் இல்லை என்பதுதான் பதில். மேலே சொன்ன சாப்பாடு போதும். மார்பையும் ஒன்றும் செய்யவேண்டாம். காம்பைத் துண்டால் தேய்ப்பது, இழுத்து விடுவது, சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் புண்ணில்தான் முடியும். அளவு சின்னதாக இருக்கிறதே என்ற கவலையும் வேண்டாம், அதற்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. ஏழாம் எட்டாம் மாதத்தில் லேசாகக் கசியலாம், கசியாமலும் இருக்கலாம். காம்பு உள்வாங்கி இருந்தால் அடுத்த செக்கப்பில் காட்டுங்கள், அப்படி இருந்தும் நன்றாகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

தயார் செய்யவேண்டியது பிரசவ அறையைச் சுற்றி நிற்கப்போகிறவர்களை. இந்த இடத்தை உங்கள் வீட்டுக்காரரும் அம்மாவும் அத்தையும் படிக்கட்டும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பில் இருக்கவேண்டும். சிசேரியன் என்றாலும் தாய் விழிப்பாக இருந்தால் கொடுக்கலாம், செவிலியர் பிடித்துக்கொள்வார். முதல் ரெண்டு மூன்று நாள் வருவது மஞ்சளாக, கெட்டியாக, ஸ்பூன் கணக்கில்தான் இருக்கும். பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவுதான் கொள்ளும், அதைப் பார்த்து ‘பால் பத்தவில்லை’ என்று யாரும் டின்னைத் திறக்கக்கூடாது. தேன் தொட்டு வைக்கக்கூடாது, ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தான நச்சு வரக்கூடும். ஆறு மாதம்வரை தண்ணீரும் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம். காம்பை மட்டும் இல்லாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வவேண்டும், வலித்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம், விடுவித்து மறுபடி வையுங்கள். நாளைக்கு 8 முதல் 12 தடவை. போதுகிறதா என்று அளப்பது அழுகையை வைத்து இல்லை. அஞ்சாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போனால், எடையும் ஏறினால், போதுகிறது. குழந்தை சோர்ந்து கிடக்கிறது, சிறுநீர் போகவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டரே காரணம் சொல்லிப் புட்டிப்பால் எழுதினால் அது வேறு, கொடுங்கள், குற்றவுணர்ச்சி தேவையில்லை. முன்னெச்சரிக்கையாக வாங்கி பையில் வைக்கும் டின் மட்டும் வேண்டாம், நடுராத்திரி குழந்தை அழுதால் அது கண்டிப்பாகத் திறக்கப்படும்.

பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்று ஆரம்பிப்பார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் கூடுதலாக 600 கலோரி தேவை, கர்ப்பத்தைவிட அதிகம். அப்போது பார்த்து ரசச்சோறும் பூண்டும் மட்டும், தண்ணீரை அளந்து கொடு, காய் வேண்டாம், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அடக்குவார்கள். கர்ப்பத்தில் அள்ளி வைத்த கை அப்போதல்லவா அள்ளி வைக்கவேண்டும்! பூண்டுக் குழம்பு, பிரசவ மருந்து எல்லாம் சாப்பாட்டோடு கூடவே வரட்டும், சாப்பாட்டுக்குப் பதிலாக வேண்டாம். தாகம் எடுத்த அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். பால் சுறாப் புட்டு நல்லது என்பார்கள், ஆனால் சுறா வகையில் பாதரசம் சேர்ந்திருக்கும், அதைவிட மத்தியும் நெத்திலியும் மேல், விலையும் குறைவு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் தொடரவேண்டும், பலர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மறந்துவிடுகிறார்கள்.

வேலை விஷயம் நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது என்றால் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், உடம்பு ஒத்துழைத்தால் முன்னால் குறைவாக எடுத்துப் பின்னால் நீட்டிக்கொள்ளுங்கள், தாய்ப்பால் கொடுக்க அந்த வாரங்கள்தான் கைகொடுக்கும். திரும்பி வேலைக்குப் போனபின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் ரெண்டு தடவை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்பது சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகமும் இருக்கவேண்டும். உங்கள் கம்பெனியில் காப்பகம் எங்கே, அதில் நிஜமாகவே குழந்தைகள் இருக்கிறார்களா, இல்லை பூட்டிக் கிடக்கிறதா என்று இப்போதே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.