நோட்டு காலியாக இருக்கிறது, பள்ளியை மாற்றிவிடலாமா?

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் என்ன படித்தாய் என்று கேட்டால், திங்கள் கதை, செவ்வாய் குச்சி எண்ணினோம், புதன் பாட்டு, வியாழன் பொம்மை வைத்து நடித்தோம், வெள்ளி ஆசிரியர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார் என்கிறாள். நோட்டில் இரண்டு பக்கம்கூட இல்லை. தெருவில் டியூஷன் எடுப்பவர், இப்படியே விட்டால் எழுத்தே தெரியாமல் போய்விடும் என்கிறார். தனியார் பள்ளியில் அரசு ஒதுக்கீட்டில் இலவச இடம் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், அந்த நபருக்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். உங்கள் மகள் ஒப்பித்த ஐந்து நாளும் பாடம் நடந்த நாள்கள்தான். 2022 ஜூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகள் இப்படித்தான் நடக்க வேண்டும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அந்தந்த நிலைக்கு உரிய செயல்பாட்டைக் கொடுக்கிறார்கள். எழுத்து வேலை நோட்டைவிடப் பயிற்சி நூலில்தான் அதிகம் நடக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பயிற்சி நூலை.

செவ்வாய்க்கிழமை குச்சி எண்ணியதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்துக் குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, 42 என்றால் நான்கு கட்டும் இரண்டு உதிரியும் என்று பிள்ளை முன்னால் வைப்பார்கள். அதில் 17 எடு என்றால், உதிரியில் இருப்பது இரண்டு, வேண்டியது ஏழு. பிள்ளை சற்றுத் திகைத்துவிட்டு, ஒரு கட்டின் வளையத்தைத் தானே கழற்றும். இப்போது உதிரி 12. ஏழு போக ஐந்து. மிச்சமுள்ள மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. வளையத்தைக் கழற்றிய அந்த ஒரு நொடிதான் அன்றைய பாடம். அது எந்த நோட்டிலும் பதிவாகாது. 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்னால் 402இல் 17 கழிக்கும்போது, கடன் கொடுக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருப்பதைக் கண்டு நின்றுவிடுவதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வகைப் பிள்ளையைப் பற்றி நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பாட்டையும் கதையையும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிச் சொல்லி, பக்கம் முழுவதும் மனப்பாடமாகிவிட, வரியின் மேல் விரலை நகர்த்தியபடியே தடையில்லாமல் 'வாசிக்கும்' பிள்ளை அது. பார்ப்பவர்கள் மெச்சுவார்கள், அந்தப் பிள்ளையோ எழுத்தைப் பார்க்கவே இல்லை. உங்கள் மகள் அப்படியா என்று வீட்டிலேயே அறியலாம். பாடத்தில் இல்லாத சில சொற்களை வெற்றுத்தாளில் பெரிதாக எழுதுங்கள்: பல், பால், கொடி, கோடி, மணல். படம் வேண்டாம், நீங்கள் முதலில் படித்துக் காட்டவும் வேண்டாம். பல்லையும் பாலையும் பிரித்துச் சொன்னால் கால் போட்ட எழுத்து பிடிபட்டுவிட்டது. கொடியும் கோடியும் குழம்பினால் பதற வேண்டாம். கொம்பு எழுத்தில் குறி முன்னால் நிற்க, அதன் ஒலி பின்னால் வருவதால் எல்லாப் பிள்ளைகளுக்குமே அது தாமதமாகத்தான் படியும். ஐந்து சொல்லுக்கும் உங்கள் முகத்தைப் பார்த்து ஊகித்தால் மட்டும், அந்தத் தாளோடு ஆசிரியரைப் பாருங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அவளைத் திட்டாதீர்கள், அவள் ஏமாற்றவில்லை.

டியூஷன்காரர் என்ன செய்வார் என்பது எனக்குத் தெரியும். 247 எழுத்துகளையும் பத்துத் தடவை எழுதச் சொல்வார். நோட்டு நிறையும், உங்கள் மனமும் நிறையும், மாதக் கட்டணமும் போகும், மணல் என்ற சொல்லைப் பிள்ளை அப்போதும் படிக்காது. 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பள்ளி கொடுக்கக் கூடாத சுமையை டியூஷன் என்ற பெயரில் பணம் கொடுத்து வாங்கி ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைப்பது என்ன நியாயம்?

இலவச இட விஷயம் அதைவிட மோசம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடு, தனியார் பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டுமே, அதாவது எல்.கே.ஜி.க்கோ, ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் பள்ளியானால் ஒன்றாம் வகுப்புக்கோ உரியது. இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவர் இல்லாத சரக்கை விற்கிறார். நுழைவு வகுப்பிலும் இணையவழி விண்ணப்பமும் குலுக்கலும்தான். தரகருக்கு அங்கே வேலையே கிடையாது.

உங்கள் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அந்த இருவர்தான் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். அதிலும் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட, மற்றவர் பிள்ளைகளின் விவரங்களைச் செல்பேசியில் பதிவேற்ற நெட்வொர்க் தேடிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல செயல்பாடும் சத்தம் நிறைந்த அறையாகத்தான் முடியும். குச்சிக் கட்டை அவிழ்க்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்ற எளிய உண்மையை மேலே இருப்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராகிய நீங்கள் எழுப்பினால், ஆசிரியர் எழுப்புவதைவிட வலு அதிகம்.

இந்த வாரம், மாலை மணி அடித்த பிறகு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். வகுப்பு நேரத்தில் போனால் நின்றபடி பதில் சொல்லி அனுப்பிவிடுவார். தமிழில் என் மகள் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, போன மாதம் எந்த நிலையில் இருந்தாள் என்று கேட்டு, பயிற்சி நூலை வாங்கிப் பாருங்கள். இரண்டு பாடத்திலும் ஒரே நிலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிலை பல மாதங்களாக நகரவே இல்லை என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்தச் சொல் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.